நாலரை டிக்கெட், ஐந்து தட்டு, ஓர் ஊட்டிப் பயணம்

எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடத்தில் முதன்முதலாகச் சுற்றுலாச் செயல்திட்டம் கொடுத்த ஆண்டில் 38 நோட்டுகள் வந்தன. 31 பேர் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். முப்பத்தொன்றிலும் மலை ரயில் படம் ஒட்டியிருந்தது, ஒரே கடையில் வாங்கிய ஒரே படம். முப்பத்தொன்றிலும் மொத்தச் செலவு சரியாகப் பத்தாயிரம் ரூபாய். பஸ்ஸுக்கு 2,000, அறைக்கு 4,000, சாப்பாட்டுக்கு 3,000, இதரச் செலவு 1,000. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு என்று சொல்லத்தக்கதும் அதில் ஒன்றும் இல்லை.

குற்றம் என்னுடையதுதான். "குடும்பத்துடன் சுற்றுலா செல்லத் திட்டமிட்டுச் செலவுப் பட்டியல் தயாரிக்கவும்" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இந்த ஜனவரியில் கொடுத்த வடிவம்தான் எனக்கே ஓரளவு திருப்தியாக இருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன். ஆசிரியர்கள் வகுப்பில் செய்யலாம். பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தும் செய்யலாம்.

நான் இருப்பது ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கத்தில். பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் பெட்ஷீட் நெய்யும் தறிக்கூலியில் ஓடுகின்றன. என் எடுத்துக்காட்டுகளும் அதனால் அங்கிருந்தே வரும். உங்கள் ஊரில் அது மீனாக இருக்கலாம், பட்டாசாக இருக்கலாம்.

எண்ணுக்கு முகவரி

முதல் நாள் நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரிக்கச் சொல்கிறேன்: செலவு, தொகை, யாரிடம் கேட்டது, கேட்ட தேதி. கடைசி இரண்டு கட்டங்களும் சேர்ந்ததுதான் அந்த எண்ணின் முகவரி. முகவரி இல்லாத எண்ணை நான் கூட்டலில் சேர்க்க மாட்டேன், அடித்துவிடுவேன். வகுப்புச் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தரும் வளரறி மதிப்பீடு (அ)-வில் இதற்குள்ள 20 மதிப்பெண்ணில் பத்து, முகவரிகளுக்கு மட்டும். படத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. படம் ஒட்டுவதை அது நிறுத்தாது. ஆனால் ஐந்து ரூபாய்ப் படத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முகவரி என்றால் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பஸ் கட்டணத்தைப் பஸ் நிலையத்தில் நிற்கும் நடத்துநரிடம் கேட்டால் கையில் இருக்கும் இயந்திரத்தில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஊட்டியில் உணவகத்தில் என்ன விலை என்பதை, போன மாதம் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்கலாம். விடுதி வாடகைக்குத் தொலைபேசி. இதைப் பிள்ளை தனியாகச் செய்யக் கூடாது. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க வேண்டும், பேசுவது மட்டும் பிள்ளை.

இணையத்தில் பார்த்ததையும் முகவரியாக ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அதை ஓர் ஆளிடமாவது கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். ஏனென்று இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். ஒரு பையன் தன் தாத்தாவின் ரயில் டிக்கெட்டில் மூத்த குடிமக்கள் சலுகையைக் கழித்திருந்தான். அந்தச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அவன் பார்த்த பக்கம் அதற்கும் முந்தையது. இன்னொருத்தி அறை வாடகை 999 ரூபாய் என்று எழுதிவந்தாள். விளம்பரத்தைக் காட்டச் சொன்னேன். "ரூ. 999 முதல்" என்று இருந்தது. அன்றைய வகுப்பு முழுவதும் அந்த "முதல்" மேலேயே போயிற்று. விளம்பரக்காரர் எழுதியது ஒரு விலையே அல்ல, ஓர் அசமன்பாடு: வாடகை 999-க்குச் சமம் அல்லது அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்று அவர் வாய் திறக்கவே இல்லை. அசமன்பாட்டை இவ்வளவு சுலபமாக நான் எந்த ஆண்டும் புரியவைத்ததில்லை.

எங்கே போவது

நான் 15,000 ரூபாய் உச்சவரம்பு வைக்கிறேன், இரண்டு இரவு. இடம் அவரவர் விருப்பம். ஊட்டிதான் போக வேண்டும் என்று இல்லை. ஒரு பையன் எழுந்து, "அம்மிச்சி வீட்டுக்குப் போனால் அது சுற்றுலா இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். அம்மிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா, அப்புச்சி அம்மாவின் அப்பா. தாராளமாகச் சுற்றுலாதான் என்றேன். அறை வாடகை பூஜ்யம். ஆனால் வெறும் கையோடு போக முடியுமா? அம்மிச்சிக்கு வெற்றிலை பாக்கு, அப்புச்சிக்குப் பழம், மாமன் பிள்ளைகளுக்குப் பலகாரம் என்று அவன் பட்டியல் எட்டு வரிக்கு நீண்டது. மறுநாள் அவனே வந்து, "திரும்பி வரும்போது மாமா எங்கள் கையில் பணம் கொடுப்பார், அதைக் கழிக்கலாமா?" என்றான். நிச்சயமில்லாத வரவைக் கழிக்கக் கூடாது என்று சொன்னேன். போன தீபாவளிக்கு 200 கொடுத்தார் என்று முகவரியோடு வாதாடினான். விட்டுக்கொடுத்தேன்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். போக முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வலியாக மாறிவிடக் கூடாது. "போகிறோம்" என்று எழுதச் சொல்லாதீர்கள். "போவதாக இருந்தால்" என்று தொடங்கச் சொல்லுங்கள். எந்த நோட்டையும் வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம்.

மற்றதை ஒரே நோட்டை வைத்துக்கொண்டு சொல்கிறேன். தறிக்காரர் மகள் ஒருத்தியின் நோட்டு, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அப்பத்தா, அவள், ஒன்பது வயதுத் தம்பி.

ஐந்து பேர் என்பது எத்தனை?

பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது. தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு செலவும் அந்தக் குடும்பத்தை வேறு வேறு மாதிரி எண்ணுகிறது.

பஸ்ஸைப் பாருங்கள். அரசுப் பேருந்தில் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். தம்பிக்கு ஒன்பது, அவளுக்குப் பதின்மூன்று. ஆகவே ஐந்து பேர் நாலரை டிக்கெட். அதோடு முடிந்ததா? ஊரிலிருந்து பெருந்துறைக்கு டவுன் பஸ். அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா, அப்பத்தா, அவள் மூவரும் பூஜ்யம். அப்பா ஒன்று, தம்பி அரை. அங்கே அதே குடும்பம் ஒன்றரை டிக்கெட். கோவையில் இறங்கி, ஊட்டி பஸ் புறப்படும் மேட்டுப்பாளையம் சாலை நிலையத்துக்குப் போக மறுபடி டவுன் பஸ், மறுபடி ஒன்றரை. இந்த நடுப் பயணத்தைப் பெரியவர்களே மறந்துவிடுவார்கள், அவள் மறக்கவில்லை.

அவள் நோட்டில் இருந்த கணக்கு: பெருந்துறை – கோவை 70 ரூபாய், கோவை – ஊட்டி 84 ரூபாய், கூட்டினால் 154. இதை நாலரையால் பெருக்க 693. டவுன் பஸ் இரண்டும் சேர்த்து 18 ரூபாய், ஒன்றரையால் பெருக்க 27. போக 720, வர 720, மொத்தம் 1,440.

இதே குடும்பம் சாப்பாட்டில் ஐந்து தட்டு. படகுச் சவாரியில் ஐந்தும் இல்லை, நாலரையும் இல்லை: வாடகை ஆளுக்கு இல்லை, படகுக்கு. நான்கு பேர் உட்காரும் படகு என்றால் ஐந்து பேருக்கு இரண்டு படகு வேண்டும். 5-ஐ 4-ஆல் வகுத்தால் 1.25, ஒன்றேகால் படகை யாரும் தர மாட்டார்கள். விடையை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். பாடநூலில் 1.25-ஐ முழுமையாக்கினால் 1. அப்படிச் செய்தால் அப்பத்தா கரையில் நிற்பார். எங்கே அருகிலுள்ள முழு எண், எங்கே கட்டாயம் மேலே உள்ள முழு எண் என்பதை நான் படகை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

விடுதி அறையும் இதே இனம். இதில் என் கையைச் சுட்ட கதை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தங்கை குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். பெரியவர்கள் நான்கு, பிள்ளை ஒன்று. இருவர் தங்கும் அறை இரண்டு என்று பேசி முன்பணம் அனுப்பியிருந்தேன். இரவு எட்டு மணிக்குப் போய் இறங்கினால், ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் 600 என்றார்கள். காலையில் வெந்நீர் வாளிக்கு 30. குழாயில் வெந்நீர் ஆறிலிருந்து ஏழு வரைதானாம். கணக்கு ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து விடுதிக்குப் பேசும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஒரு அறையில் எத்தனை பேரை அனுமதிப்பீர்கள், சின்னப் பிள்ளையை ஆளாக எண்ணுவீர்களா? கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு? நீங்கள் சொல்லும் வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் ஒரே வாடகைதானா? வெந்நீர் எப்போது? இந்த ஐந்தைக் கேட்டு முடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பவருக்கு, பேசுவது குழந்தையாக இருந்தாலும் ஏமாற்ற முடியாத குழந்தை என்று தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து எழுதிய நான்கைந்து பேர் 12 என்றே போட்டிருந்தார்கள். யார் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்க எனக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்ததில்லை.

வாடகைக் காரின் தந்திரம்

வகுப்பில் பாதிப் பேர் காரில் போக ஆசைப்பட்டார்கள். தடுக்கவில்லை, விலையைக் கேட்டு வாருங்கள் என்றேன். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஓட்டுநர் பேட்டா நாளுக்கு 500 என்று ஒரு குழு எழுதிவந்தது. அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் இங்கிருந்து ஊட்டி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போக வர 300, உள்ளூரில் சுற்ற 100. 400-ஐ 14-ஆல் பெருக்கி 5,600 என்றார்கள். முகம் மலர்ந்திருந்தது.

"நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டார்கள். நாளுக்கு 250. மூன்று நாளைக்கு 750. வண்டி 400 கிலோமீட்டர் ஓடினாலும் 750-க்குப் பணம் தர வேண்டும்: 10,500. பேட்டா 1,500. மொத்தம் 12,000. இதை 400-ஆல் வகுக்கச் சொன்னேன். உண்மையில் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 30 ரூபாய். பதினான்கு என்று சொன்ன விலை முப்பதாகி உட்கார்ந்திருந்தது. சுங்கச் சாவடியும் வண்டி நிறுத்தக் கட்டணமும் இன்னும் வரவில்லை.

அதையே இரண்டு நாள் பயணமாக்கினால் 500 கிலோமீட்டர், 7,000, பேட்டாவோடு 8,000. ஒரு நாளைக் குறைத்தால் 4,000 மிச்சம். தூரத்தைக் குறைத்தால் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. இதை வரைபடமாக வரையச் சொல்லுங்கள், கிடைமட்டத்தில் ஓடிய தூரம், செங்குத்தில் வாடகை. 750 வரை நேர்கோடு 10,500 உயரத்தில் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும். சார்பு என்ற சொல்லை அவர்கள் இன்னும் கேள்விப்படவில்லை. ஆனால் படுத்திருக்கும் கோட்டைப் பார்த்து, "இது நமக்கு நட்டம் டீச்சர்" என்று சொல்லத் தெரிந்துவிட்டது.

காரில் போகிறவர்களுக்கு இ-பாஸும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளி வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 ஏப்ரலிலிருந்து கோடைக் காலத்தில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 என்று எண்ணிக்கை வரம்பும் வந்தது. பதிவு இலவசம்தான். ஆனால் செலவுப் பட்டியலில் பூஜ்யமாக இருப்பது நாள்காட்டியில் பூஜ்யமாக இருப்பதில்லை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

மலை ரயில்

படத்தை ஒட்டுகிறவர்கள் அதன் கணக்கையும் கொஞ்சம் செய்யட்டும் என்று இதை வைத்தேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்பட்டு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஊட்டி சேர்கிறது. தூரம் 46 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். எங்கள் பள்ளிக்குச் சைக்கிளில் வரும் பையன்கள் இதைவிட வேகமாக வருகிறார்கள் என்பதில் வகுப்புக்கு அளவிலா மகிழ்ச்சி.

அடுத்து, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி ரயில் நிலையம் சுமார் 2,200. ஏற்றம் 1,870 மீட்டர். 46,000-ஐ 1,870-ஆல் வகுத்தால் இருபத்து நான்கரை. சராசரியாக இருபத்து நான்கரை மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர்கிறது. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை உள்ள செங்குத்தான பகுதியில் இது 12-க்கு 1. அங்கே சக்கரம் மட்டும் பிடிக்காது என்பதால், தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. பாதை 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் வந்தது. பள்ளி வராண்டாவில் 12 அடி நீளப் பலகையை ஒரு முனையில் ஓர் அடி உயர்த்தி வைத்தோம். "இவ்வளவுதானா?" என்றார்கள். அதன்மேல் சைக்கிளை மிதித்து ஏற்றச் சொன்னதும் கேள்வி நின்றுவிட்டது.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பாகத் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. மே 9 சனிக்கிழமை பயணம் என்றால் எந்தத் தேதியில் டிக்கெட் எடுக்க உட்கார வேண்டும்? மார்ச் 10. ஏப்ரலுக்கு 30, மார்ச்சுக்கு 31 என்று விரல் முட்டியில் எண்ணியவர்களே முதலில் சொன்னார்கள். கோடையில் இந்த ரயிலில் இடம் கிடைப்பது அரிது. எனவே இரண்டு திட்டம் வேண்டும்: டிக்கெட் கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் பஸ். தறிக்காரர் மகள் பட்டியலைப் பஸ்ஸுக்கே போட்டாள். ஒருவேளை கிடைத்தால் அப்பத்தாவை மட்டும் ரயிலில் ஏற்றிவிடுவதாக ஓரத்தில் எழுதியிருந்தாள். அப்பத்தாவைத் தனியாகவா என்று கேட்டேன். இரண்டு டிக்கெட் என்று திருத்தினாள்.

சாப்பாடு

ஆளுக்கு ஒரு நாளைக்குக் காலை 60, மதியம் 110, இரவு 80, இரண்டு வேளைத் தேநீர் 30. ஆக 280. ஐந்து பேருக்கு மூன்று நாள் 4,200. முதல் நாள் காலைக்கும் மதியத்துக்கும் கட்டுச்சோறு. ஆளுக்கு 170 வீதம் 850 கழிகிறது. பலர் இங்கேயே நிறுத்திவிட்டார்கள். கட்டுச்சோறுக்குச் செலவில்லையா? "அரிசி ரேஷனில் சும்மா கிடைக்கிறதே டீச்சர்." சரி, அரிசி பூஜ்யம். புளி, நல்லெண்ணெய், கடலைப் பருப்பு, வாழையிலை? அம்மாவிடம் கேட்டு 250 எழுதினாள். மொத்தம் 3,600.

தண்ணீருக்குப் பட்டியலில் பணம் போட வேண்டாம். எடையைப் போடச் சொன்னேன். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. எவர்சில்வர் குப்பியில் கொண்டுபோக வேண்டும், தீர்ந்தால் வழியில் குடிநீர் ஏடிஎம்மில் நிரப்பலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் பத்துக் கிலோ. யார் சுமப்பது என்று எழுதாமல் விட்ட நோட்டுகளுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.

யாரும் எழுதாத வரி

நான்கு ஆண்டுகளாக நானும் இதை விட்டுவிட்டிருந்தேன். இந்த முறை ஒரு பையன் நோட்டின் அடியில் "அப்பா வேலைக்குப் போகாததால் 2,400" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. எனக்கு மாதச் சம்பளம். விடுமுறையில் ஊர் சுற்றினாலும் முதல் தேதி பணம் வரும். கூலிக்காரருக்கு ஊர் சுற்றும் நாளுக்கு இரண்டு விலை: செலவழித்தது ஒன்று, வராமல் போனது இன்னொன்று.

உடனே எல்லோரையும் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். இவள் வீட்டில் அப்பாவுக்குத் தறிக்கூலி நாளுக்கு 700. அம்மா தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றி 350 கொண்டுவருகிறார். ஒரு நாள் இழப்பு 1,050. செவ்வாய் முதல் வியாழன் வரை போனால் மூன்று நாள், 3,150. வார நாளில் அறை இரவுக்கு 2,400, இரண்டு இரவுக்கு வரியோடு 5,040. இரண்டும் சேர்த்து 8,190.

சனி முதல் திங்கள் வரை போனால்? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பட்டறையில் தறி ஓடாது. இழப்பு இரண்டு நாள்தான், 2,100. அறை சனிக்கிழமை 2,900, ஞாயிறு இரவு 2,400, வரியோடு 5,565. சேர்த்து 7,665. வாரக் கடைசியில் அறை விலை ஏறுகிறது, ஆனாலும் அந்த வீட்டுக்கு வாரக் கடைசிதான் 525 ரூபாய் மலிவு. எனக்கோ அதே ஊரில், அதே அறையில், வார நாள்தான் மலிவு. சனிக்கிழமை கூலி வாங்கும் நாளாயிற்றே என்று கேட்டேன். அப்பா வெள்ளிக்கிழமையே கேட்டு வாங்கிக்கொள்வாராம். அதற்கும் முகவரி வைத்திருந்தாள்.

கூட்டல்

பஸ் 1,440, அறை 5,565, சாப்பாடு 3,600, ஊட்டிக்குள் போக்குவரத்து 900, நுழைவும் படகும் 1,300. ஆக 12,805. அவசரத்துக்குப் பத்து சதவீதம், 1,280.50, அதை 1,300 ஆக்கினாள். வர்க்கி பிஸ்கட், தைலம், தேயிலை வாங்க 600. மொத்தம் 14,705. உச்சவரம்புக்குள் 295 ரூபாய் மிச்சம். கூலி இழப்பு 2,100-ஐ வெளியே, தனி வரியில், சிவப்பில் எழுதச் சொன்னேன். அது பையிலிருந்து போவதில்லை, ஆனால் பைக்குள் வராமல் போவது. இரண்டையும் கூட்டினால் 16,805.

வட்ட விளக்கப்படம் வரைய ஒவ்வொன்றையும் 14,705-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்க வேண்டும். அறைக்கு 136 டிகிரி, சாப்பாட்டுக்கு 88, பஸ்ஸுக்கு 35. தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இடம் வரை எடுத்தவர்களுக்கு மொத்தம் 359.9 வந்து, கால் மணி நேரம் பிழை தேடினார்கள். தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிப் பக்கம் சேமிப்பு. வாரம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும் என்று வீட்டில் கேட்டு, எத்தனை வாரம் ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் அப்பா 300 என்று சொல்லியிருந்தார். 14,705-ஐ 300-ஆல் வகுத்தால் 49.02. நான் சொல்லிக்கொடுத்தபடி மேல்நோக்கி முழுமையாக்கினால் 50 வாரம். அவள் 49 என்று எழுதியிருந்தாள். தப்பு என்று சுழிக்கப் போன பேனா நின்றது. 49 வாரத்தில் 14,700 சேரும், குறைவது ஐந்து ரூபாய். அதற்கும் ஒரு வரி இருந்தது: தொகை 5, முகவரி அப்பத்தாவின் சுருக்குப் பை.

ஜனவரி 10-ஆம் தேதி முதல் 300-ஐ எடுத்து வைத்தால், 49-ஆவது முறை வைப்பது டிசம்பர் 12. மே மாதம் போய்விட்டது. போவதாக இருந்தால் அரையாண்டு விடுமுறையில்தான். அந்த நேரத்தில் ஊட்டியில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். ஐந்து பேருக்கும் ஸ்வெட்டர் எங்கே என்று சிவப்பு மையில் எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்தது. ஸ்வெட்டர், தொகை 0. யாரிடம் கேட்டது: அப்பா. பழுது விழுந்த பெட்ஷீட் ஐந்து, முதலாளி சும்மா தருவார்.